வீடு போன பிறகும் நிற்கும் அகழிகள் – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, இங்கிலாந்தில் வயலுக்கு நடுவே சதுரமாக ஓர் அகழி, உள்ளே வெறும் புல்மேடு. இது பழைய கோட்டையா?

பதில்: பெரும்பாலும் இல்லை தம்பி. ஊர் நிலக்கிழாரின் மாளிகை இருந்த இடமாக இருக்கும். இங்கிலாந்தில் இப்படிச் சுமார் 6,000 இடங்கள் தெரியும், அதிகமும் 1250க்கும் 1350க்கும் இடையில் வெட்டியவை. தண்ணீர் நிற்கும் களிமண் பூமியான சஃபோக், எசெக்ஸ் என்ற கிழக்கு மாவட்டங்களின் பக்கம் நிறைய. படையைத் தடுக்க இந்த அகழி போதாது. திருடனையும் ஆடுமாடுகளையும் தடுக்கும், மீன் வளர்க்கலாம். ஆனால் முக்கியக் காரணம் அந்தஸ்துதான் என்பேன்.

கேள்வி: அவ்வளவு பெரிய வீடு சுவடே இல்லாமல் எப்படிப் போகும்?

பதில்: பல வீடுகள் மரச்சட்டத்தில் கட்டியவை. கைவிட்டதும் நல்ல மரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், மீதி மக்கிவிடும். கல் இருந்தால் அக்கம்பக்கத்துக் கொட்டகைக்கும் சுவருக்கும் போகும். அகழியைத் தூர்க்கத்தான் செலவு, அதனால் அது தங்கிவிடுகிறது.

கேள்வி: லண்டனில் பார்க்க ஏதாவது உண்டா சார்?

பதில்: ராதர்ஹைத் போங்க. தேம்ஸ் கரையில் மூன்றாம் எட்வர்ட் 1350களில் கட்டிய மாளிகை. மூன்று பக்கம் அகழி, நான்காவது பக்கம் ஆறு, ராஜா படகிலேயே வந்து இறங்கலாம். பின்னாளில் அங்கே மண்பாண்டப் பட்டறை வந்தது, அப்புறம் கிடங்குகள் வந்தன, அவற்றை இடித்து 1980களில் தோண்டியபோதுதான் சுவர்கள் வெளிப்பட்டன. இன்று புல்தரையில் தாழ்வான கல்வரிசைதான் தெரியும், ஆனாலும் நேரில் ஒருமுறை பார்க்கவேண்டிய இடம்.

கேள்வி: மேலே ஒன்றும் இல்லை என்றால் அகழியைத் தூர்த்து உழுதால் என்ன நஷ்டம்?

பதில்: இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. மாளிகையின் பாதி வரலாறு அந்தச் சேற்றில்தான் இருக்கிறது. நீர் தேங்கிய சேற்றுக்குள் காற்று புகாது, அதனால் தோல் செருப்பு, மரக்கிண்ணம், பழக்கொட்டை எல்லாம் எழுநூறு வருஷம்கூடக் கெடாமல் கிடக்கும். வடிகால் வெட்டிக் காயவிட்டால் அத்தனையும் மக்கிப் போகும்.

கேள்வி: தரையில் நின்று எப்படி அடையாளம் காண்பது?

பதில்: மாலை வெயில் சாய்ந்த நேரத்தில் போங்கள், சின்ன மேடுகூட நிழல் காட்டும். பள்ளத்தில் கோரை, மேட்டில் முட்செடி அடர்ந்திருந்தால் கவனியுங்கள். கடும் கோடையில் புதைந்த சுவருக்கு மேலுள்ள புல் முதலில் கருகும். 2018 கோடையில் பிரிட்டன் முழுக்க இப்படிப் பல இடங்கள் விமானப் படங்களில் பளிச்சென்று தெரிந்தன.

கேள்வி: மெட்டல் டிடெக்டர் கொண்டு போகலாமா?

பதில்: பாதுகாக்கப்பட்ட இடமென்றால் கூடவே கூடாது. 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அங்கே அதைப் பயன்படுத்துவதே குற்றம். மற்ற இடங்களில் நிலத்துக்காரரிடம் முதலில் கேளுங்கள்.