மறு: லாக்லைனை மூன்று தயாரிப்பாளர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள், எங்கே தவறு?

வணக்கம். "கடலூரில் வாழும் நேர்மையான முருகனின் வாழ்க்கையை விதி புரட்டிப் போடுகிறது, காதலும் துரோகமும் நிறைந்த இப்போராட்டத்தில் அவன் வென்றானா?" என்ற உங்கள் லாக்லைனைவிட, அதாவது படத்தின் கதையை ஒரே வாக்கியத்தில் சொல்லும் வரியைவிட, அதன் கீழே நீங்கள் தந்திருக்கும் கதைச்சுருக்கம் பல மடங்கு வலுவானது. முருகன் என்ற பெயர் படிப்பவருக்கு எதையும் சொல்வதில்லை. அவர் ஐஸ் ஃபேக்டரிக் கணக்கர் என்பது சொல்கிறது. 'விதி' என்பதும் நிகழ்ச்சி அன்று.

'பாபநாசம்' (2015) படத்தை எண்ணிப் பாருங்கள்: கேபிள் டிவி நடத்தும் ஓர் எளிய மனிதர், தன் மகளின் கையால் எதிர்பாராமல் இறந்த இளைஞனின் தாய் காவல்துறை ஐ.ஜி. என்பதால், பொய் ஒன்றைக் கட்டியெழுப்பித் தன் குடும்பத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. ஐ.ஜி. என்ற ஒரு சொல்லிலேயே எதிராளியின் பலம் தெரிந்துவிடுகிறது.

உங்கள் கதையை நான் இவ்வாறு எழுதுவேன்: "காப்பீட்டுப் பணத்துக்காக முதலாளியே படகை மூழ்கடித்தார் என்று கண்டறியும் ஐஸ் ஃபேக்டரிக் கணக்கர், அதில் இறந்த தம்பிக்கு நீதி பெற, தானும் கையெழுத்திட்ட கள்ளக் கணக்கை வெளியிட வேண்டியிருக்கிறது." உங்கள் கதையின் உயிர் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது, அதை ஏன் ஒளித்தீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. காதல் கிளைக்கதையைத் தயக்கமின்றி விட்டுவிடுங்கள். 'வென்றானா?' என்ற கேள்வி சுவரொட்டிக்குப் பொருந்தும். தயாரிப்பாளரோ அதைப் படிக்கும்போது, முடிவை நீங்களே இன்னும் தீர்மானிக்கவில்லையோ என்று ஐயுறுவார்.