கோணேசர் முதலிலா, கடல் முதலிலா: எது சரி?

கேள்வி: டிசம்பர் கடைசி வாரம் அம்மா, மனைவியோடு இலங்கை போகிறோம். அம்மாவுக்குத் திருக்கோணேஸ்வரம் பார்க்க வேண்டும், எனக்கு ஸ்கூபா டைவிங் செய்ய வேண்டும். கோயிலுக்குக் கீழே கடலுக்குள் பழைய கோயிலின் கற்கள் கிடப்பதாகப் படித்தேன். நான் ஓபன் வாட்டர் என்ற முதல்நிலை டைவிங் பயிற்சி முடித்தவன், மனைவி கடலில் இறங்கியதே இல்லை. முதல் நாள் கோயில், அடுத்த இரண்டு நாள் டைவிங், மறுநாள் காலையிலேயே நுவரெலியா போய் சீதையம்மன் கோயில், அங்கிருந்து கொழும்பு வந்து விமானம். இந்தத் திட்டம் சரியா?

பதில்: ஊர்த் தேர்வு அருமை. மாதமும் வரிசையும்தான் தப்பு.

முதலில் மாதம். கோணேசர் கோயில் இருக்கும் திருகோணமலை கிழக்குக் கரையில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நேராக அங்கேதான் வந்து அடிக்கும். டிசம்பரில் கடல் கொந்தளிப்பாகவும் கலங்கலாகவும் இருக்கும். படகு கிளம்பினாலும் தண்ணீருக்குள் கை நீட்டும் தூரம் தெரிந்தாலே பெரிய விஷயம். அந்தக் கரையில் மே முதல் செப்டம்பர் வரைதான் டைவிங் காலம். விடுப்பை மாற்ற முடியாது என்றால் இந்த முறை கோயிலை மட்டும் பாருங்கள். டைவிங்குக்கு இன்னொரு முறை போய்க்கொள்ளலாம்.

மே மாதத்துக்கு மாற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் வரிசை. உங்கள் திட்டத்தில் எனக்குப் பயம் தருவது நுவரெலியாதான். 18 மீட்டர் ஆழத்தில் உடம்பின் மேல் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல 2.8 மடங்கு. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து தங்கிவிடும். மேலே வந்த பிறகு அது மெதுவாக, மணிக்கணக்கில்தான் வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி உள்ளே குமிழி கிளம்பும். மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் என்று ஆரம்பித்து, மோசமானால் கை கால் செயலிழப்பு வரை போகலாம்.

டைவிங் முடிந்து உடனே விமானம் ஏறக்கூடாது என்பது உங்கள் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். பலரும் மறப்பது மலையை. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதற்குச் சமம். நுவரெலியா இருப்பதோ ஏறக்குறைய 1,870 மீட்டரில். ஆக, காரில் உட்கார்ந்துகொண்டே விமானம் ஏறுகிறீர்கள். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் டைவ் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல். நான் எல்லோருக்கும் 24 என்றே சொல்வேன். கணக்குப் போட்டுக் குழம்ப வேண்டியதில்லை.

எனவே திட்டத்தைத் தலைகீழாக்குங்கள். கொழும்பில் இறங்கி முதலில் நுவரெலியா. சீதையம்மனைப் பார்த்துவிட்டு கண்டி, தம்புள்ளை வழியாகத் திருகோணமலை. அது முழுநாள் பயணம்தான், அம்மாவுக்கு நடுவில் ஓய்வு கொடுங்கள். அடுத்த இரண்டு நாள் காலையில் டைவிங். அதற்கடுத்த நாள் முழுக்கக் கோயில். மறுநாள் கொழும்புக்குக் கிளம்பலாம், வழியில் பெரிய மலை ஏற்றமும் கிடையாது. நைட்ரஜன் வெளியேறக் காத்திருக்கும் நாளும் சாமி கும்பிடும் நாளும் ஒன்றாகிவிடும். கோணேசர் இருக்கும் குன்று 150 மீட்டருக்கும் குறைவு என்பதால் அங்கே ஏறுவதில் சிக்கல் இல்லை. 'சாமியைப் பார்க்காமல் கடலில் இறங்குவதா?' என்று அம்மா கேட்பார்கள். போய்ச் சேர்ந்த அன்று மாலை ஒரு கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள், அர்ச்சனையைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கடலுக்குள் இருக்கும் கற்களைப் பற்றி. சம்பந்தர் பாடிய அந்தப் பழைய கோயிலை 1620களில் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். கற்களில் ஒரு பகுதி கோட்டை கட்டப் போனது, ஒரு பகுதி பாறையிலிருந்து கடலில் விழுந்தது. 1956-ல் மைக் வில்சன் என்ற டைவரும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மூழ்கிப் பார்த்த பிறகுதான் வெளியுலகம் அதைக் கவனித்தது. இப்போதிருக்கும் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 1963-ல்.

வாட்ஸ்அப்பில் வரும் படங்களை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். வரிசையாகச் சிலைகள் நிற்கும் அந்தக் 'கடலடிக் கோயில்' பாலித் தீவின் பெமுத்தேரானில் 2005-ல் அமைத்தது. இங்கே இறங்கினால் முதலில் வெறும் பாறையாகத்தான் தெரியும். கண் பழகிய பிறகு ஒரு பாறையின் ஓரம் மட்டும் உளி பிடித்த மாதிரி நேராகப் போகும். பாசியும் சிப்பியும் மூடிய தூண் துண்டு அது. தொட வேண்டாம், சிறு துண்டைக்கூட எடுக்க வேண்டாம். தொல்பொருளை எடுப்பது அங்கே குற்றம். குன்றின் அடியில் அலை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். கடைசி டைவ் போட்டு ஒரு வருடம் ஆகியிருந்தால் முதல் நாள் வேறு எளிய இடத்தில் பழகிவிட்டு, இரண்டாம் நாள் இங்கே வாருங்கள்.

மனைவியை அங்கே இறக்காதீர்கள். அவருக்கு நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாத்தீவு போதும். ஸ்நோர்க்கெல் என்ற மூச்சுக்குழாயை மாட்டிக்கொண்டு மிதந்தாலே பவளமும் மீனும் தெரியும், அதிர்ஷ்டம் இருந்தால் சிறிய சுறாவும். ஸ்கூபாதான் வேண்டும் என்றால் இன்ஸ்ட்ரக்டர் கூடவே வரும் அறிமுக டைவ் உண்டு, அதிகபட்சம் 12 மீட்டர். ஆஸ்துமா, காது அறுவைச் சிகிச்சை, இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

விரதம் இருக்கும் வழக்கம் உண்டா? டைவ் நாளில் வேண்டாம். வெறும் வயிற்றோடு படகில் ஆடினால் குமட்டும். தண்ணீர் குடிக்காமல் இருப்பது நான் மேலே சொன்ன குமிழிப் பிரச்சினைக்கும் வழிவிடும். இட்லி இரண்டும் நிறையத் தண்ணீரும் போதும். விரதத்தைக் கோயில் நாளுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கோயில் இருப்பது கோட்டைக்குள், கோட்டையில் ராணுவம் இருக்கிறது. டிரோனைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். நுழையும்போது வாசல் கல்லை நின்று பாருங்கள்: பாண்டியரின் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் எழுத்தும் இருக்கும். கடலுக்குள் பார்த்த கல்லுக்கு உறவுக்காரக் கல்லாக இருக்கலாம். உள்ளே மான்கள் சாவகாசமாகத் திரியும், அம்மாவின் கைப்பையில் வாழைப்பழம் இருந்தால் கவனம்! நீங்கள் டைவிங்கில் இருக்கும் காலையில் அவரைக் கன்னியா வெந்நீரூற்றுக்கு அனுப்பிவிடலாம், ஏழு கிணறுகள், நகரத்துக்குப் பக்கம்தான்.

டைவ் சென்டரில் முன்பணம் கட்டுவதற்கு முன் ஒன்று கேளுங்கள்: படகில் அவசர முதலுதவிக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் இருக்கிறதா? இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். உங்கள் பயணக் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள், பல பாலிசிகளில் ஸ்கூபா சேராது, சேர்ந்தாலும் ஆழ வரம்பு இருக்கும்.