மென்று விழுங்கும் கருத்துகள்

கேள்வி: பலர் கூடிப் பேசும் இடத்தில் என் கருத்து மட்டும் மாறுபட்டிருந்தால் வாயைத் திறக்கத் துணிவு வருவதில்லை, வீடு திரும்பிய பின் என் மீதே கோபம் வருகிறது. இது கோழைத்தனமா? எல்லாப் பண்பாடுகளிலும் மனிதர்கள் இப்படித்தானா?

பதில்: கோழைத்தனம் என்று சொல்ல நான் தயங்குவேன். மனத்தில் பட்டதைப் பேசுவதைப் பெருமையாகக் கருதும் அமெரிக்காவில்தான், 1950களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் தம் சோதனையை நடத்தினார். ஓர் அட்டையில் உள்ள கோட்டுக்குச் சமமான கோட்டை, மற்றோர் அட்டையிலுள்ள மூன்றிலிருந்து காட்ட வேண்டும்; சிறு பிள்ளையும் சொல்லிவிடும். ஆனால், முன்னேற்பாட்டின்படி மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒரே தவறான விடையைக் கூற, விவரமறியாத ஒரே ஒரு மாணவர் தம் முறை வரும்வரை அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அத்தகையோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஒருமுறையாவது அந்தத் தவறையே திருப்பிச் சொன்னார்கள். அங்கே மேலதிகாரியும் இல்லை, தண்டனையும் இல்லை. விடையைத் தனியே தாளில் எழுதச் சொன்னபோது இப்போக்கு வெகுவாகக் குறைந்தது. பலருக்குக் கண் சரியாகவே பார்த்திருக்கிறது, நாக்குதான் எழவில்லை.

இச்சோதனையைப் பல நாடுகளில் செய்து பார்த்த ஆய்வுகளை 1996இல் தொகுத்தபோது, தனிமனிதரைவிடக் குழுவை முன்னிறுத்தும் சமூகங்களில் இணங்கிப்போவது கூடுதலாக இருந்தது தெரிந்தது. ஜப்பானியரிடம் உள்ளக் கருத்துக்கு ‘ஹொன்னே’ என்றும், வெளியில் காட்டும் நிலைப்பாட்டுக்கு ‘ததேமாயே’ என்றும் தனித்தனிச் சொற்களே உண்டு; அடக்கிப் பேசுவது அங்கே பெரும்பாலும் பொய்யாகாது, மரியாதையாகும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது 2020இல் வெளியான சவூதி அரேபிய ஆய்வு. பெண்கள் வெளியே வேலைக்குச் செல்வதை இளம் கணவர்களில் மிகப் பெரும்பாலோர் உள்ளூர ஆதரித்தார்கள். ஆயினும் மற்ற ஆண்களிடம் அந்த ஆதரவு குறைவு என்றே தவறாக எண்ணியிருந்தார்கள். உண்மை நிலவரத்தைச் சொன்னபின், தம் மனைவியின் பெயரை வேலைவாய்ப்புச் சேவையில் பதிய முன்வந்தோர் கூடினர். ஒவ்வொருவரும் மற்றவரின் மௌனத்தைச் சம்மதமாகக் கணக்கிட்டதன் விளைவே அந்தத் தவறான எண்ணம். (வேலையோ உயிரோ பறிபோகும் இடத்தில் வாய்மூடி இருப்பது வேறு கணக்கு, அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.)

உங்கள் கூட்டத்திலும் இப்படி இருக்கலாம். ஆஷின் அறையில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னாலே, இணங்கிப்போவது வெகுவாகக் குறைந்தது. எனவே அடுத்த முறை, கூட்டம் தொடங்குமுன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் அவர் கருத்தைக் கேட்டுப் பாருங்கள்.