காரில் பொருத்தும் ஹாம் வானொலி (உரிமம் பெற்ற பொழுதுபோக்கு வானொலியாளர்கள் ஒருவரோடொருவர் பேசும் கருவி) எப்படி இருக்கிறது? கையில் பிடித்துப் பேசும் வாக்கி-டாக்கி போன்ற கைக்கருவி போதாதா?

வேலூருக்குள் மட்டும் பேசுவதானால் 5 வாட் கைக்கருவி பெரும்பாலும் போதும். ஊரைத் தாண்டினால் சிரமம். நான் இரண்டு ஆண்டுகள் அதைக் காருக்குள் வைத்துப் பேசிப் பார்த்தேன். எதிர்முனைப் பேச்சில் பாதிதான் காதில் விழும். சுற்றிலும் தகடாக இருக்கும் காருக்குள் ஆண்டெனாவை அடைத்துவைத்தால் அப்படித்தான் ஆகும். சென்ற மாதம் 50 வாட் கருவி ஒன்றைப் பொருத்திவிட்டேன்.

பொருத்துவதற்கே அரை நாள் ஆனது. "லைட்டர் சாக்கெட்டிலேயே கொடுத்துவிடலாமே சார்" என்றார் ஆட்டோ எலக்ட்ரீஷியன். நான் சம்மதிக்கவில்லை. முழுத் திறனில் பேசும்போது கருவி 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்த சாக்கெட்டின் மெல்லிய ஒயர் அதற்கானதல்ல. பேட்டரியிலிருந்தே தடித்த ஒயர் இழுத்து, பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் போட்டோம். அதனால்தானோ என்னவோ, என்ஜின் ஓடும்போது ஸ்பீக்கரில் இரைச்சலே இல்லை. கருவியின் உடல் இருக்கைக்கு அடியில், முகப்பு மட்டும் டேஷ்போர்டில். ஒலி இருக்கைக்கு அடியிலிருந்து அமுங்கி வருவதால் தனி ஸ்பீக்கர் வாங்க வேண்டியதாயிற்று. வேலூர் வெயிலில் தொடர்ந்து பேசினால் உடல் நன்றாகச் சுடுகிறது. ஆகவே திறனைக் குறைத்தே பேசுகிறேன்.

உண்மையான சோதனை ஜவ்வாது மலைப் பாதையில் நடந்தது. காட்பாடியில் இருந்தபடி நண்பர் என்னோடு வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். மலையின் மறுசரிவில் இறங்கியதும் 50 வாட்டிலும் அவர் குரல் அடியோடு மறைந்துவிட்டது. திரும்பும்போது சமவெளி திறந்து தெரிந்த ஒரு வளைவில் காரை நிறுத்தி, 5 வாட்டில் அழைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது! நாங்கள் பேசும் 144 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. குறுக்கே மலை நின்றால் வாட்டைக் கூட்டிப் பெரிய பயன் இல்லை. 25 வாட்டை 50 ஆக்கினால் சிக்னல் கூடுவது வெறும் 3 டெசிபல் (சிக்னல் வலிமையின் அளவு). கேட்பவருக்கு அந்த வித்தியாசம் தெரிவதே அரிது.

ஆகவே என் எண்ணத்தில், இதில் பெரும் பங்கு கூரை நடுவில் நிற்கும் ஆண்டெனாவுக்குத்தான். இந்த ஆண்டெனாவின் நீளம் வானொலி அலையின் நீளத்தில் கால் பங்கு இருக்க வேண்டும்; அதற்கு அரை மீட்டர் கம்பி போதும். கீழே விரிந்திருக்கும் கூரைத் தகடே அதன் மறுபாதியாக வேலை செய்கிறது.

உரிமம் இல்லாமல் பேசக் கூடாது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கையில் பணம் குறைவாக இருந்தால் 50 வாட் கருவியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். முதலில் காந்த அடியுள்ள ஆண்டெனா ஒன்றை வாங்கிக் கூரையில் வைத்து, இப்போதுள்ள கைக்கருவியோடு இணைத்து ஆம்பூர் வரை போய்வாருங்கள். பிறகு 50 வாட் தேவையா என்று நீங்களே முடிவு செய்யலாம்.