ஒரே ரிலே, பட்டியலில் மட்டும் ஏன் நான்கு?

மின்சுற்றுப் படம் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் எலக்ட்ரிக்கலில் நீங்கள் வரைந்த ஒரு ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) காயில், அதாவது அதை இயக்கும் கம்பிச்சுருள், இரண்டாம் தாளிலும், அதன் மூன்று காண்டாக்ட்கள், அதாவது சுற்றைத் திறந்து மூடும் முனைகள், ஐந்தாம் தாளிலும் இருக்கின்றன. பொருள் பட்டியலில் நான்கு ரிலே வருகிறது, ரிலேயைப் பொருத்தும் சாக்கெட்டைக் காணோம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மென்பொருளின் கண்ணில் ஒரு கருவிக்கு ஒரே தாய்க்குறிதான் (parent) இருக்க வேண்டும். காயில் தாய், காண்டாக்ட்கள் சேய்கள் (child). கேட்டலாக் எண்ணை (பொருளின் தயாரிப்பு எண்) தாய்க்கு மட்டும் கொடுங்கள். உங்கள் காண்டாக்ட்கள் தாய்க்குறிகளாக நுழைந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். குறியின் பிளாக் பெயரைப் பாருங்கள்: எச்சிஆர்1 (HCR1) என்பது காயில், எச்சிஆர்21 (HCR21) என்பது திறந்த நிலைக் காண்டாக்ட். நான்காம் இடத்தில் 1 வந்தால் தாய், 2 வந்தால் சேய். தவறானவற்றை நீக்கிவிட்டு, சேய்க்குறியை வைத்து காயிலின் டேக்கோடு (கருவியின் அடையாளப் பெயர்) இணையுங்கள். பிறகு பட்டியலில் அது ஒரே ரிலேதான்.

சாக்கெட், கிளிப் போன்றவற்றுக்குச் சுற்றுப்படத்தில் குறியே கிடையாது. அவற்றுக்காகப் போலிக் குறி வரையாதீர்கள். காயிலைத் திருத்தும் சாளரத்தில் கூடுதல் கேட்டலாக் எண்கள் சேர்க்க இடம் உண்டு. ஒரு கருவிக்கு 99 வரை சேர்க்கலாம். எல்லா ரிலேக்கும் இதே சாக்கெட்தான் என்றால், துணைப் பாகங்களை முதன்மைப் பொருளோடு சேர்க்கும் அசெம்பிளி கோடு (code) மூலம் கேட்டலாக்கிலேயே கட்டிவிடுவது மேல். ஒருமுறை சாக்கெட் பட்டியலில் விடுபட்டு, ரிலேக்கள் மேசையில் கிடக்க, பேனல் வேலை நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து அசெம்பிளி கோடு இல்லாமல் எந்த ரிலேயையும் நான் கேட்டலாக்கில் ஏற்றுவதில்லை.