சிறிய இன நாய்க்குட்டிகள் பிடிவாதமானவையா? வீட்டுக்குள் ஒரே இடத்தில் போகப் பழக்கவே முடியாதா?

பத்து வார ஷிட்சூ குட்டி, பேட் (ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு) விரித்து வைத்தும் கட்டிலடியில் போய் ஒன்றுக்கு இருந்துவிடுகிறது, திட்டினால் ஓடி ஒளிகிறது, ‘சிறிய இனமே பிடிவாதம் பிடித்தது’ என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில்லை. இந்தப் பழியைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுக்கவில்லை; அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் மாடி வீட்டில் இருக்கிறீர்கள், தடுப்பூசிகள் இன்னும் முடியவில்லை, பகலில் யாராவது ஒருவர் வீட்டில் இருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மிளகு என்ற பொமரேனியன் பெண் குட்டியைக் கைக்குள் அடங்கும் வயதிலிருந்து வளர்த்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன்.

வயது எத்தனை மாதமோ அதனோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் ஒரு குட்டி அடக்கக்கூடிய மணி நேரம் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. தூங்கும் குட்டிக்கு அது ஓரளவு பொருந்தும். விழித்திருந்து ஓடியாடும் குட்டிக்கு, அதுவும் இத்தனை சிறிய உடம்புக்கு, பொருந்தாது. சிறுநீர்ப்பையே சின்னது. அதை இறுக்கிப் பிடிக்கும் கட்டுப்பாடு நான்கு முதல் ஆறு மாதத்தில்தான் ஓரளவு வருகிறது. சிறிய இனங்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அடக்க முடியாத வயதில் அடக்கவில்லை என்பதற்குப் பெயர் பிடிவாதமா?

இனி எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மிளகு வந்த புதிதில் பெரியப்பா எங்களோடு தங்கியிருந்தார். வாழ்நாளெல்லாம் பெரிய நாய்களைத் தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு வளர்த்தவர். அவள் தரையை நனைத்த முதல் நாளே, “மூக்கைப் பிடித்து அதிலேயே தேய்த்துவிடு, மறுபடி போகாது” என்றார்.

“வேண்டாம் பெரியப்பா, எதற்காகத் தேய்க்கிறோம் என்று அவளுக்குப் புரியாது” என்றேன்.

“நாங்கள் வளர்க்காத நாயா அம்மா?”

பெரியவரிடம் அதற்குமேல் என்ன பேசுவது? நான் அடுப்படியில் இருந்த ஒரு மதியம் அவர் சொன்னதைச் செய்தே விட்டார். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது மிளகு மூக்கு நனைந்து, காதுகளை மடக்கிக்கொண்டு, வயிறு தரையில் தேயப் பின்வாங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து கூடத்தில் ஆள் இருந்தால் பேட் பக்கமே வரமாட்டாள். நான் தூக்கிக்கொண்டு போய் அதன் மேல் விட்டாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கீழே இறக்கிவிட்டுத் திரும்பினால் சோபாவுக்குப் பின்னால் ஈரம் இருக்கும். அவள் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: மனிதர் கண்ணெதிரே போனால் ஆபத்து. உங்கள் குட்டி கட்டிலடிக்குப் போவதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. திட்டுவதை இன்றே நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு.

“நான் அடித்துத்தான் பழக்கினேன், என் நாய் நன்றாகத்தான் இருக்கிறது” என்று கீழே யாராவது எழுதுவார்கள். இருக்கட்டும். வளர்ந்து அடக்கத் தெரிந்துகொண்டதால் நின்ற பழக்கத்துக்கு அடிதான் காரணம் என்று நம்புகிறவர்களிடம் நான் வாதாட வரவில்லை.

மிளகின் பயத்தைப் போக்கியது பொறுமை தவிர வேறில்லை. கூடத்தின் ஒரு மூலையில் மடக்குத் தடுப்பு வைத்து அடைத்து, ஒரு பக்கம் படுக்கை, எதிர்ப்பக்கம் பேட் என்று பிரித்தேன். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டுச் சிறிது நேரத்திலும், விளையாட்டு முடிந்ததும் பேட் மேல் விட்டுவிட்டு, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்துகொள்வேன். பார்க்கவும் மாட்டேன், பேசவும் மாட்டேன். வயிற்றில் உணவு விழுந்தவுடன் குடல் அசையத் தொடங்கும். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் பெரும்பாலும் இரண்டுக்குப் போய்விடும். முடித்த கணமே, பேட்டை விட்டு இறங்கும் முன், ஒரு துண்டு தின்பண்டம். பாதியில் கொஞ்சினால் மீதியை நிறுத்திவிட்டு ஓடி வந்துவிடும். பிறகு அந்த மீதி தரைக்குத்தான். இறங்கி வந்தபின் கொடுத்தால் ஓடி வந்ததற்காகக் கொடுத்தது என்று நினைத்துக்கொள்ளும்.

அறிகுறியைக் கண்ணால் பிடிக்கப் பழகுங்கள். மிளகு பொம்மையைக் கடித்துக்கொண்டே இருப்பாள். திடீரென்று வாய் நின்றுவிடும். பொம்மை கீழே விழும். மூக்கு தரையோடு ஒட்டும், நடை வேகமாகும், பின்னங்கால்கள் சற்று அகலும், ஒரு சிறிய வட்டம். அவ்வளவுதான் நேரம். பெரிய நாய் சுற்றிச் சுற்றி வந்து அறிவிக்கும். குட்டி நாய் உட்காருவதைக்கூட நீங்கள் கவனிக்க முடியாது. வயிறுதான் ஏற்கெனவே தரைக்குப் பக்கத்தில் இருக்கிறதே. கண்காணிக்க முடியாத நேரத்தில் அதைத் தடுப்புக்குள் விடுங்கள், அல்லது மெல்லிய கயிற்றில் உங்கள் இடுப்போடு கட்டிக்கொள்ளுங்கள்.

சிறிய இனங்களைப் பழக்க முடியாது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கும் எனக்கு ஒரு விளக்கம் உண்டு. பெரிய குட்டி தரையை நனைத்தால் வீடே எழுந்து நிற்கிறது. சின்னதன் ஈரம் ஒரு நாணயத்தளவு. சோபாவுக்கடியில் காய்ந்துபோனால் யாருக்கும் தெரியாது. தெரிந்தாலும் காகிதத்தால் ஒற்றி எடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். வாசனை மட்டும் அங்கேயே தங்கி அந்த இடத்தைக் கழிவறையாக்கிவிடுகிறது. மாதக்கணக்கில் இப்படி விட்டுவிட்டுக் குட்டியின் இனத்தைக் குறை சொல்வது எந்த நியாயம்?

அந்த வாசனை நமக்கு வராவிட்டாலும் நாய்க்கு வரும். எனவே நொதி (என்சைம்) கலந்த துப்புரவுத் திரவத்தைப் பயன்படுத்துங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் நேரம்வரை ஊறவிட்டுத் துடையுங்கள். அம்மோனியா கலந்த திரவங்கள் வேண்டாம், சிறுநீரிலும் அம்மோனியா வாடை உண்டு. கட்டிலடியைப் பெட்டிகளால் அடைத்துவிடுங்கள்.

கால்மிதிகளையும் குளியலறை விரிப்பையும் சில காலம் சுருட்டி வைத்துவிடுங்கள். காலுக்கு மெத்தென்று படுவதெல்லாம் குட்டிக்குப் பேட்தான். எந்தத் தரையில் போவது என்ற விருப்பம் மிகச் சின்ன வயதிலேயே படிந்துவிடுகிறது. பேட்டின் விளிம்பில் முன்னங்கால்களை வைத்துப் பின்பக்கம் தரையில் போனால் அதைக் குற்றம் சொல்லாதீர்கள். பேட் மேல்தான் நிற்கிறோம் என்று அது மனதார நம்புகிறது. பேட்டைப் பெரிதாக்குங்கள், அல்லது விளிம்பு வைத்த தட்டில் விரியுங்கள்.

தண்ணீரைக் குறைத்தால் தரை காயும் என்று ஒரு யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். சாப்பாட்டையும் குறைக்காதீர்கள்; இத்தனை சிறிய குட்டிகளுக்கு வேளை தவறினால் இரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும், தள்ளாடும், வலிப்புகூட வரும். உணவை மூன்று நான்கு வேளையாகப் பிரித்து, நேரம் தவறாமல் கொடுத்தால் போகும் நேரமும் தானாகவே ஒழுங்குக்கு வரும்.

நீங்கள் கேட்காததையும் ஒன்று சொல்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் ஒரு பெரிய நாயைக் கேட்காமல் தூக்குவார்களா? சின்னது என்றால் மட்டும் செருப்பைக் கழற்றும் முன்பே குனிந்து, முன்னங்கால்களுக்கடியில் கைகொடுத்துத் தூக்கிக் கீச்சுக்குரலில் கொஞ்சுகிறார்கள். குட்டி பயந்து அவர்கள் மடியிலேயே சொட்டுவிட்டால், “இன்னும் பழக்கவில்லையா?” என்று என்னைக் கேட்கிறார்கள்! அது பயத்திலும் பரபரப்பிலும் தானாக வருவது. பழக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். இந்த இனங்களின் முன்னங்கால் எலும்பு எத்தனை மெல்லியது தெரியுமா? கையிலிருந்து நழுவி விழுந்தாலே முறிந்துவிடும். வருகிறவர்களைத் தரையில் உட்காரச் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

பேட் பழக்கினால் ஆயுளுக்கும் வீட்டுக்குள்ளேதான் போகும், முதலிலிருந்தே வெளியே கொண்டுபோங்கள் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் குட்டிகளின் உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ என்ற வைரஸ் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பதினாறு வாரம் போலத் தடுப்பூசி வரிசை முடியும்வரை, மற்ற நாய்கள் புழங்கும் மண்ணில் நான் குட்டியை இறக்கிவிடமாட்டேன். பிறகு வெளியே பழக்க விரும்பினால் பேட்டைத் தினம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்திக்கொண்டே போகலாம். விரும்பாவிட்டால் உள்ளேயே இருக்கட்டும். மிளகு இன்றும் மழைநாளில் உள்ளேதான் போகிறாள். சுத்தமாக, ஒரே இடத்தில். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றுமில்லை.

நன்றாகப் பழகி வரும்போதே திடீரென்று அடிக்கடி, சொட்டுச் சொட்டாகப் போனாலோ, முக்கினாலோ, சிறுநீரில் சிவப்பு தெரிந்தாலோ அது சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். முடிந்தால் ஒரு சுத்தமான சிறு டப்பாவில் சிறுநீரையும் பிடித்துக்கொண்டு போங்கள், பரிசோதனைக்கு உதவும்.