கதவு பெயிண்ட் பத்தி கேட்டீங்க, கோபில இருந்து சொல்றேனுங்க

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் இருபது வருசத்துக்கு மேல கதவு ஜன்னல் பெயிண்ட் வேலைதான் பண்றேன். பொங்கல் வரவும் கேள்வி நெம்ப வந்துருச்சு, வந்த வரைக்கும் பதில் சொல்லீர்றேன்.

பல்லடம் தம்பி: அண்ணா, ஆடி மாசம் வாசக்கதவுக்கு எனாமல் அடிச்சோம், இப்ப தடவுனா மணல் மாதிரி சொரசொரங்குது. பெயிண்ட் மோசமா?

பெயிண்ட்டக் குத்தம் சொல்லாதீங்க தம்பி, காத்துதான் காரணம். பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிக்கற அந்தக் காத்துலதான் உங்க ஊர்ல காத்தாடியே சுத்துது, எனாமல் தொட்டா ஒட்டாத பதத்துக்கு வரவே மூணு நாலு மணி நேரம் ஆகும், அது வரைக்கும் பறக்கற மண்ணு பூராவும் அதுலதான் உக்காரும். 320 நம்பர் வாட்டர் பேப்பர, அதான் ஈரத்துல தேய்க்கற உப்புத்தாள, தண்ணில நனைச்சு மெதுவாத் தேச்சு, தொடச்சு, நல்லாக் காயவிட்டு ஒரு கோட்டு குடுங்க. முடிஞ்சா கதவக் கழட்டி உள்ரூம்ல ரெண்டு ஸ்டூல் மேல படுக்க வெச்சு அடிங்க, பெயிண்ட் வழியாது. அதுக்கு முன்னாடி தரையில சித்த தண்ணி தெளிச்சு விட்டா தூசு எந்திரிக்காது.

திருப்பூர்: பனியன் வேஸ்ட்ல தொடைக்கறோம், நூல் ஒட்டிக்குதே?

புது வெட்டுத்துணி நூல் விடுமுங்க. நாலஞ்சு தடவ துவைச்ச பழைய பனியன் எடுங்க.

ஈரோடு அக்கா: செவுத்த மட்டம் பண்ணப் பூசற சிமெண்ட் பட்டி மிச்சம் இருந்துச்சுன்னு பெயிண்டர் கதவுக்கும் வெச்சுட்டாரு, ஆறு மாசத்துல பாளம் பாளமா வெடிச்சு விழுகுது.

அய்யோ, இதப் பாத்தா எனக்கு மனசே ஆறாதுங்க. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், சிமெண்ட் பட்டி கல்லு மாதிரி, அது கூட அசையாது, அப்புறம் வெடிக்காம என்ன பண்ணும். அது பூராத்தையும் சொரண்டி எடுத்துட்டு, மர பிரைமர், அதான் பெயிண்ட்டுக்கு முந்தி அடிக்கற அடிப்பூச்சு, ஒரு கோட்டு அடிச்சு, அது காஞ்ச பொறவு மரத்துக்குன்னே விக்கற பட்டிய மெலிசா ரெண்டு தடவ வைங்க, ஒரே தடவையா அப்பாதீங்க. 180 நம்பர் உப்புத்தாள்ல தேச்சுட்டு, ரூம இருட்டாக்கி, கதவோட ஓரத்துல இருந்து செல்போன் டார்ச்ச சாய்ச்சு அடிச்சுப் பாருங்க. பகல்ல கண்ணுக்கே தெரியாத பள்ளமெல்லாம் நிழல் கட்டி நிக்கும், அத பென்சில்ல சுழிச்சு வெச்சு திரும்பப் பட்டி வைங்க. பளபளப்பு பெயிண்ட் எந்தப் பள்ளத்தையும் மறைக்காதுங்க, எடுத்துதான் காட்டும்.

காங்கேயம்: அப்பத்தா வீட்டுக் கதவுல அஞ்சாறு அடுக்கு பழைய பச்சை பெயிண்ட். மெஷின் வெச்சுத் தேச்சரலாமா?

வேண்டாமுங்க. வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்குக்கு மேல கூடாதுங்கற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு, அதுக்கு முந்துன பெயிண்ட்ல ஈயம் நெறைய இருக்கலாம், அந்தத் தூசு சின்னப் பசங்களுக்கு நெம்பக் கெடுதி. ஈரம் பண்ணியே தேய்ங்க, மாஸ்க் போடுங்க, குழந்தைங்கள அந்தப் பக்கமே விடாதீங்க, கூட்டாம ஈரத்துணில தொடைங்க. கெட்டியாப் புடிச்சிருக்கற பெயிண்ட்ட எடுக்கவே வேண்டாம், மேல சொரசொரப்பு பண்ணுனா போதும்.

பொள்ளாச்சி: மழை வந்தா கதவு இறுகிக்குதுங்க, வருசா வருசம் இழைக்கறோம்.

கதவு மேல் விளிம்பையும் அடி விளிம்பையும் தடவிப் பாருங்க, பெயிண்ட் படாத வெறும் மரமா இருக்கும். முக்காவாசி வீட்ல அத அடிக்கறதே இல்ல, ஈரம் அது வழியாத்தான் ஏறுது. வெயில் காலத்துல கதவக் கழட்டி அந்த ரெண்டு விளிம்புக்கும் பிரைமரும் பெயிண்ட்டும் குடுத்துருங்க.

கரூர்: உள்ரூம் வெள்ளக் கதவு மஞ்சளாப் போச்சு.

ஆயில் எனாமல் வெளிச்சம் இல்லாத எடத்துல மஞ்சளாகுமுங்க. அடுத்த தடவ தண்ணில கலக்கற எனாமல் வாங்குங்க.

அவிநாசி: பொங்கலுக்குப் பத்து நாள்தான் இருக்குங்கண்ணா, ரெண்டு கோட்டும் ஒரே நாள்ல அடிச்சரலாமா?

ஆயில் எனாமல்னா கூடவே கூடாதுங்க. மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடியில பச்சையா இருக்கும், கொதிச்சு ஆறுன பால்ல ஆடை சுருங்குமே, அதே மாதிரி சுருங்கிரும். ஒரு நாளைக்கு ஒரு கோட்டு, மெலிசா. மார்கழிப் பனி எறங்கறதுனால மத்தியானம் மூணு மணிக்குள்ள பிரஷ்ஷக் கீழ வெச்சரோணும். இன்னைக்கே கீலக் கழட்டுனீங்கன்னா தேய்க்க, பிரைமர், பட்டிக்கு நாலு நாள், பெயிண்ட்டுக்கு ரெண்டு நாள், மிச்ச நாள் சும்மா காயட்டும். பொங்கலுக்கு மொத நாள் காப்புக் கட்டற அன்னைக்குக் காலைல மாட்டிக்கலாம், ஆனா பொங்கல் முடிஞ்சு ஒரு வாரத்துக்கு ராத்திரி தாப்பாள இறுக்கிப் போடாதீங்க, கதவு நிலைச் சட்டத்துல ஒட்டிக்கிட்டு பெயிண்ட் உறிஞ்சுட்டு வந்துரும்.